இங்க சொட்ட, மிஸ்

அவள் வரைந்த படத்தைப் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் குத்தி வைத்திருந்தார்கள். நாலு மூலைக்கும் நாலு குண்டூசி. நான் வரைந்ததெல்லாம் ஃபைலுக்குள் போகும், ஃபைல் பீரோவுக்குள் போகும், பீரோவின் மேல் பழைய காலண்டர்கள் கிடக்கும். பதினோரு வருடமாக அந்த ஸ்டேஷனுக்குப் போய்வருகிறேன். எனக்காக ஒரு குண்டூசியை எடுத்தவர்கள் கிடையாது.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. அன்றைக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய் ரெண்டு சொம்பு மோர் குடித்தும் அடங்கவில்லை.

நான் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். போலீஸ் கூப்பிட்டால் போய், குற்றவாளியைப் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல அவன் முகத்தை வரைந்து கொடுப்பது என் இன்னொரு வேலை. அப்பா சேலத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு இங்கே வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இந்த ஊரில்தான். ஓவியத்தை முறையாக ஐந்து வருடம் படித்திருக்கிறேன். மனுஷத் தலையில் எந்த எலும்பு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அவள் கான்ஸ்டபிள். மண்டியா பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட ஆகியிருக்காது. ஸ்டேஷனில் எழுத்து வேலைக்கு வந்தவள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கிக்கொண்டிருப்பாள். பேனாவை அவள் பிடிக்கிற அழகே தனி, கரண்டியைப் பிடிக்கிற பிடி. நிழல் போடத் தெரியாது. காது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. ஆனால் ஒரு நாள், நான் வெளியூர் போயிருந்தபோது, சைக்கிள் திருட்டைப் பார்த்த ஒரு டீக்கடைக்காரரை உட்காரவைத்து அவள் கிறுக்கிய படத்தை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார்கள். அதுதான் போர்டில் ஏறிய படம். அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் அவளை “நம்ம ஆர்டிஸ்ட்” என்கிறார். என்னை “டீச்சர்” என்கிறார். நான் டீச்சர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் கேட்கும்போது சுருக்கென்று இருந்தது.

சாட்சி பெண்ணாக இருந்தால் பக்கத்தில் ஒரு பெண் போலீஸ் இருக்க வேண்டும். ஸ்டேஷனில் அந்த நேரத்தில் இருக்கிற பெண் போலீஸ் இவள்தான். ஆக, நான் வரைகிற அறையில் இவள் இல்லாத நாள் குறைந்துகொண்டே வந்தது. வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பாள். வீட்டில் யார் யார் என்று விசாரிப்பாள். என் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருக்கிற சாட்சி அவள் பக்கம் திரும்பியதும் சிரிக்கும். நான் இங்கே பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“அந்தப் பொண்ணு உன் சோத்துல மண்ணைப் போட்டுச்சா? ஏன்டி சதா அவ பேச்சு?” என்றார் என் வீட்டுக்காரர். பாக்டரியில் வேலை. காலை ஷிப்ட் முடித்து வந்து, நான் அவளைப் பற்றிப் பொரிந்து தள்ளுவதைக் கேட்டபடியே சாப்பிடுவது அவருக்குப் பழகிவிட்டது.

“அவளுக்கு ஒரு கோடு நேரா போடத் தெரியாதுங்க!”

“மூஞ்சில நேர்கோடு எங்கடி இருக்கு?” என்றார். அன்றைக்கு அவருக்கு ரெண்டாம் முறை ரசம் ஊற்றவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வளையல் கடைப் பெண் வந்தாள்.

தேவராஜ மார்க்கெட்டில் வளையல் கடையில் வேலை பார்க்கிற பெண். இருபது வயது இருக்கும். அவளும் அவள் அம்மாவும் மார்க்கெட் பின்சந்தில் நடந்து போகும்போது, எதிரே வந்த ஒருவன் அம்மா கழுத்துத் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அம்மா கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. பெண் பார்த்திருக்கிறாள். பட்டப்பகல், இரண்டடி தூரம்.

நான் போனபோது கான்ஸ்டபிளும் அந்தப் பெண்ணும் ஒரே பொட்டலத்திலிருந்து சுரமுரி, அதான் காரப்பொரி, தின்றுகொண்டிருந்தார்கள். கன்னடத்தில் சளசளவென்று பேச்சு. காலையில் அம்மாவுக்குக் கை முறிந்து அழுதுகொண்டு வந்த பெண் என்று இன்ஸ்பெக்டர் போனில் சொல்லியிருந்தார். இங்கே வந்து பார்த்தால் அது சிரித்துக்கொண்டிருக்கிறது. நான் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பேர் கேட்டேன், வீடு கேட்டேன். தமிழ்க் குடும்பம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள்! அடியம்மா, இந்தக் கதவை உன்னால் திறக்க முடியாதே என்று கான்ஸ்டபிளைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“தமிழ்லயே சொல்லும்மா. நம்ம பாஷைல சொன்னாத்தான் சரியா வரும்” என்றேன்.

அவள் தயங்கினாள். “எனக்குத் தமிழ் அஷ்டா வராது மிஸ். வீட்ல அம்மாகூட மட்டும்தான். கன்னடல சொல்லட்டா?”

“அம்மாகூடப் பேசுற தமிழ் போதும்.”

இதை நான் அந்தப் பெண்ணின் வசதிக்காகச் சொல்லவில்லை. கான்ஸ்டபிளுக்குப் புரியக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு நாள் பிடித்தது.

என் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு, நானே எனக்குப் போட்டுக்கொண்டது. வரைந்த படத்தைக் காட்டி “சரியா இருக்கா?” என்று கேட்கவே மாட்டேன். கேட்டால் நம் ஜனங்கள் மரியாதைக்காகச் சரி என்றுவிடுவார்கள். கஷ்டப்பட்டு வரைந்தவர் மனசு நோகக் கூடாது என்று நினைப்பார்கள். அதனால் “இதுல எங்க தப்பு?” என்றுதான் கேட்பேன். தப்பு எங்கே என்று கேட்டால் வாய் திறப்பார்கள். மூக்கு இவ்வளவு பெரிசு இல்லை, உதடு தடிப்பு என்று ஒவ்வொன்றாக வரும். அழித்து அழித்து வரைவேன். இதற்கு ஒரு மணி நேரம், சில சமயம் ரெண்டு மணி நேரம் ஆகும்.

அந்தப் பெண் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். உயரம் ஜாஸ்தி. கறுப்பு. வயசு நாப்பது இருக்கும். முகம் நீளம். மீசை உண்டு. நான் முகத்தின் வெளிக்கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். மேஜைக்குக் கீழே ஏதோ சத்தம். குனியாமலே கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். கான்ஸ்டபிள் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, பேனாவைக் கரண்டிப் பிடி பிடித்து, அவளும் வரைந்துகொண்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

“வேற ஏதாச்சும் தனியா தெரியற மாதிரி இருந்துச்சா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“இருந்துச்சு மிஸ்.” வலது கை விரலை நெற்றி ஓரத்துக்குக் கொண்டுபோனாள். “இங்க சொட்ட, மிஸ்.”

“ரொம்பவா?”

“ஜாஸ்தி இல்ல. ஆனா பாத்த உடனே தெரியும்.”

சொட்டை. இதில் எனக்கு என்ன சந்தேகம்? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா என்று கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை. நெற்றியின் ரெண்டு ஓரத்திலும் முடியை மேலே ஏற்றினேன். காதோரம் கொஞ்சம் முடியை விட்டு, மற்றதையெல்லாம் வெளிச்சமாக்கினேன். சொட்டைத் தலையை நான் நன்றாக வரைவேன்.

கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தாள். “மேடம், ஒந்து நிமிஷா. அவ காட்டினது ஹுப்பு. புருவா.”

“உங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“கொஞ்சா கொஞ்சா, மேடம்.”

“கொஞ்சம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சும்மா இருக்கலாமே” என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. நோட்டை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வளையல் கடைப் பெண் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பெண் வாயிலிருந்து அதிகம் வார்த்தை வரவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை. என் கை அது பாட்டுக்கு ஓடியது. தாடை எலும்பு, கன்னத்தின் குழி, கண்ணுக்குக் கீழே வெயிலில் விழுகிற சுருக்கம் என்று எல்லாம் தானாக வந்து விழுந்தன. இவ்வளவு சுலபமாக எனக்கு ஒரு முகம் வந்ததே இல்லை. முக்கால் மணி நேரத்தில் முடித்துத் திருப்பிக் காட்டினேன்.

“இதுதானே?” என்றேன்.

பதினோரு வருடத்தில் ஒரு தரம்கூடக் கேட்காத கேள்வி.

“ம், மிஸ்” என்றாள்.

இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு அசந்துபோனார். “டீச்சர், இது ஃபோட்டோ!” என்றார் கன்னடத்தில். அன்றைக்குப் போர்டில் என் படம் ஏறியது. அவள் படத்தைக் கீழே ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நடுவில் என்னுடையதைக் குத்தினார்கள். நானே பக்கத்தில் நின்று நாலு குண்டூசியையும் எண்ணிப் பார்த்தேன். செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் காட்டினேன்.

வீட்டுக்காரர் போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். “எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேடி.”

“உங்களுக்கு எல்லா மூஞ்சியும் பாத்த மூஞ்சிதான். நல்லா இருக்குன்னு சொல்ல வாய் வருதா பாரு!”

“நல்லாத்தான் இருக்கு” என்றார். எனக்கு அது போதவில்லை.

படம் போலீஸ்காரர்கள் போனிலும் மார்க்கெட் கடைக்காரர்கள் போனிலும் சுற்றியது. மூன்றாம் நாள் ஆளைப் பிடித்துவிட்டதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஆளாம். அந்தப் பெண்ணுக்குப் போனில் அவன் போட்டோவை அனுப்பிக் கேட்டதற்கு, “மிஸ் வரைஞ்ச மாதிரியே இருக்காரு” என்று சொன்னாளாம். நேரில் அடையாளம் காட்ட வர வேண்டும், அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நாளைக்கு வருவாள் என்றார்.

மிஸ் வரைஞ்ச மாதிரியே. அந்த வார்த்தையில் என்ன இருக்கிறது என்று நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அரைக் கிலோ பேடா வாங்கி ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் கொடுத்தேன். மிச்சத்தை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய்க் கான்ஸ்டபிளுக்கும் நீட்டினேன். “எடுத்துக்குங்க. நீங்களும் கூடத்தானே இருந்தீங்க” என்றேன். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு, “தேங்க்ஸ் மேடம்” என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று வீடு வரும்வரை யோசித்தேன். இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளி வாட்ச்மேன் வந்து, யாரோ ஒரு அம்மா என்னைப் பார்க்க கேட்டில் நிற்பதாகச் சொன்னார். போனேன். நாற்பது வயதுக்காரி. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

“நீங்கதானுங்களா படம் வரையற டீச்சரம்மா?”

“ஆமா. நீங்க யாரு?”

தாளைப் பிரித்தாள். என் படத்தின் ஜெராக்ஸ். “இவரு ஊட்டுக்காரிங்க நானு.”

திட்டப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று ரெண்டடி பின்னால் நகர்ந்தேன். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பேசினாள்.

“நமக்குச் சொந்த ஊரு கௌதள்ளிங்க. மார்க்கெட்டுல வாழத்தாரு, எலக்கட்டு எல்லாம் அவருதானுங்க எறக்குவாரு. அன்னிக்கு அவரு இங்கயே இல்லீங்க. ஸ்ரீரங்கப்பட்டணத்துல லோடு ஏத்தப் போயிருந்தாருங்க. சொன்னா ஆரும் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாங்க. இந்தப் படத்தக் காட்டி இது ஆருடான்னு கேக்கறாங்களாம். அவரு என்னங்க சொல்லுவாரு? அவரு மூஞ்சிதானுங்களே.”

“நான்… சாட்சி சொன்னத வரையறதுதான்மா என் வேலை.”

“உங்களக் குத்தம் சொல்ல வரலீங்க. படம் வரைஞ்சவங்க சொன்னாக் கேப்பாங்கன்னு ஸ்டேசன்ல ஒருத்தரு சொன்னாருங்க. வர்ற ஞாயித்துக்கெழம பெரிய புள்ளைக்கு நிச்சயமுங்க. மாப்ள ஊட்டுக்காரங்க கொள்ளேகாலத்துல இருக்கறாங்க. அவிங்க காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதானுங்க, புள்ள வாழ்க்கையே போச்சுங்க.”

படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவள் சொன்னதை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

“ஆனா படம் நல்லா இருக்குதுங்க. கண்ணாலத்துல எடுத்த போட்டோலகூட அவரு இப்படி இல்லீங்க. அந்தத் தாடைய அப்படியே கொண்டாந்துட்டீங்க.”

பதினோரு வருடமாக இந்த மாதிரி ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கிடந்தேன். வந்தது பாருங்கள், வந்த நேரத்தை!

“சொட்டத் தலங்கறதுக்காகப் புடிச்சு உக்கார வெச்சிருக்கறாங்களாட்ட இருக்குதுங்க” என்றாள் அவள். “சொட்டையா இருக்கறது ஒரு குத்தமுங்களா?” சொல்லிக்கொண்டே தன் தலை உச்சியைத் தொட்டுக் காட்டினாள்.

உச்சியை. அந்தப் பெண் விரலை வைத்தது உச்சியில் இல்லை. நெற்றியில்கூட இல்லை. புருவத்தின் கடைசியில். விரல் அங்கே நின்றது எனக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஹுப்பு, புருவா என்று கான்ஸ்டபிள் சொன்னதும் காதில் கேட்டது.

அவளை வீட்டுக்குப் போயிருக்கச் சொல்லிவிட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். முதலில் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வளையல் கடைக்குப் போனேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இந்த முறை கன்னடத்தில் கேட்டேன். அன்றைக்குச் சொட்ட என்றாயே, அப்படி என்றால் என்ன?

அவள் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டுக் கன்னடத்திலேயே சொன்னாள். “சொட்டன்னா கோணல், மிஸ். அவன் ஹுப்பு நடுவுல வெட்டுப்பட்டு, ஒரு பக்கம் மேல கோணலா ஏறிடுச்சு. தமிழ்ல அதுக்குச் சொட்டன்னு சொல்ல மாட்டாங்களா?”

“மாட்டாங்கம்மா” என்றேன்.

கன்னடத்தில் சொட்ட என்றால் கோணல். தமிழில் சொட்டை என்றால் வழுக்கை. நாற்பது வருடமாக இந்த ஊரில் காய்கறி வாங்குகிறேன், பஸ் ஏறுகிறேன், கன்னடத்தில் சண்டை போடுகிறேன். எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த அறையில் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

“தலைல முடி இருந்துச்சா?”

“நெறைய இருந்துச்சே மிஸ். நீங்க இல்லாம வரைஞ்சீங்க. டீச்சர் நீங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என் மனசு என்ன செய்தது தெரியுமா? ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தது. சாட்சி இப்போது மாற்றிச் சொல்கிறாள் சார், சின்னப் பெண், பயத்தில் உளறிவிட்டாள் என்று. அப்படிச் சொன்னாலும் அந்த ஆளை விட்டுவிடுவார்கள். என் படத்தை எடுத்து மரியாதையாக ஃபைலில் வைத்துவிடுவார்கள். கான்ஸ்டபிள் சொன்னது சரியாக இருந்தது என்று யாருக்கும் தெரிய வேண்டாம். அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்க, நான் அவள் தலையிலேயே பழியைப் போட வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். சே!

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். முட்டியில் கையை ஊன்றித் தலை குனிந்திருந்தவர், செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். என் படம் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மறுகணம் அது சிரித்தது.

“அட, டீச்சரம்மாவா! சாமி, நீங்களாச்சும் வந்தீங்களே!” எழுந்து நின்றுவிட்டார். “வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உங்க காய்ப்பையத் தூக்கியாந்து ஸ்கூட்டருல வெச்சுக் கட்டறது நாந்தானுங்களே. இவிங்ககிட்டச் சொல்லுங்க. என்னைத் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளி விட்டு மார்க்கெட் போவேன். ஒரு கை பையை வாங்கிக்கொள்ளும், ஸ்கூட்டரில் கயிறு போடும். நான் பின்னால் திரும்பித் தேங்க்ஸ்கூடச் சொன்னதில்லை. ஆனால் அவர் குனிந்து முடிச்சுப் போடும்போது அந்தச் சொட்டைத் தலையும் தாடையும் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும். வருடக் கணக்காகத் தெரிந்திருக்கிறது. சொட்டை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கை எனக்குத் தெரிந்த சொட்டையை எடுத்துப் போட்டுவிட்டது. சுலபமாக வந்ததே, அந்த முகம். சாட்சி சொன்னதிலிருந்து வந்ததில்லை அது.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். அவர் பின்னால் கான்ஸ்டபிளும் நோட்டுடன் நின்றாள்.

“இவரைத் தெரியுமா டீச்சர்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் தொண்டைவரை வந்தது. அந்த மனுஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், தெரியும் என்ற ஒரு வார்த்தைக்காக.

“தெரியும் சார். நல்லாத் தெரியும். அதனாலதான் படத்துல வந்துட்டாரு” என்றேன்.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னடத்திலேயே சொன்னேன், எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று. அந்தப் பெண்ணைத் தமிழில் பேசு என்று நான் வற்புறுத்தியது, சொட்ட என்ற வார்த்தை, கான்ஸ்டபிள் திருத்தியது, நான் அவள் வாயை அடைத்தது, ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்த முகத்தை வரைந்தது, கடைசியில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டது. குரல் ரெண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்தாமல் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவள் நோட்டைத் திறந்து பின்பக்கத்திலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நீல மை. காது தப்பான இடத்தில் இருந்தது. கழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் வலது புருவம் நடுவில் வெட்டுண்டு, வெளிப்பாதி கோணலாக மேலே ஏறியிருந்தது. தலை நிறைய முடி.

அந்தத் தாளை வாங்கி வளையல் கடைப் பெண்ணிடம் நானே காட்டினேன். “இதுல எங்க தப்பு?” என்று கேட்டேன்.

அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். “காது மட்டும்தான் மிஸ். இவனேதான்.” பெஞ்சில் இருந்தவரை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள். “இவர் இல்லவே இல்ல சார்” என்றாள்.

அவரை அனுப்பிவிட்டார்கள். எழுந்து போகும்போது என்னைப் பார்த்தார். நான் கன்னடத்தில் பேசியதெல்லாம் அவருக்கும் புரிந்திருந்தது. சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. “வரட்டுமுங்களா” என்றார் பொதுவாக, யாரிடம் என்று தெரியாமல்.

என் படத்தைப் போர்டிலிருந்து எடுத்தார்கள். வேறு குண்டூசி தேடவில்லை. என் படத்திலிருந்து கழற்றிய அதே நாலு குண்டூசியை அவள் தாளில் குத்தினார்கள். அவ்வளவு நடந்த பிறகும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

வாசல் படியில் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன். கான்ஸ்டபிள் வந்து பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. சாவி கையில் கிடைத்த பிறகும் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

“மேடம், ஸ்கூட்டர் கண்ணாடில பாத்த முகம் உங்க கையில அப்படியே நிக்குது” என்றாள் அவள். “எனக்கு இந்த ஜன்மத்துல வராது. நிஜ சொல்றேன், நனகெ ஹொட்டெகிச்சு.”

ஹொட்டெகிச்சு. ஹொட்டெ என்றால் வயிறு, கிச்சு என்றால் நெருப்பு. இந்த வார்த்தையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. “மன்னிச்சுக்குங்க” என்றேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவள் போய்விட்டாள். காதில் விழுந்ததா என்று இன்னும் தெரியாது.

பத்து நாள் கழித்து, கோணல் புருவக்காரன் பஸ் ஸ்டாண்டில் பிடிபட்டான். அவள் படத்தை வைத்துத்தான்.

அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு வேறு கடையில் காய் வாங்கினேன். அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாவது வெள்ளி, இது என்ன கோழைத்தனம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு பழைய சந்துக்குப் போனேன். பையுடன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். அவர் தானாக வந்தார். பையை வாங்கி வைத்துக் கயிறு போட்டார். தலையில் துண்டு கட்டியிருந்தார். மூட்டை எதுவும் இல்லாத நேரம் அது. துண்டு புருவம்வரை இறங்கி, நெற்றியை முழுக்க மூடியிருந்தது.

“நிச்சயம் நல்லபடியா நடந்துச்சுங்களா?” என்று கேட்டேன். அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“நடந்துச்சுங்க.”

“சந்தோஷம்.”

அவர் முடிச்சை இறுக்கினார். “மாப்ள ஊட்டாளுங்க போன்லயும் அந்தப் படம் வந்துருச்சுங்களாம். ஆரு எவருன்னு அவிங்களுக்குத் தெரியலீங்க. அதனால துண்டக் கட்டிக்கிட்டே நின்னுட்டனுங்க, தட்டு மாத்தறப்பவும்.” கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். “போட்டோலயும் துண்டோடதானுங்க இருக்கறேன்” என்றார்.